நோயில்லாதவருக்கு மருத்துவம்: தடுப்பு நெறிமுறைகள் உருவாகும் விதம்

நோய்த்தடுப்பு மருத்துவத்தில் மூன்று வேலைகள் அடங்கும். எந்த அறிகுறியும் இல்லாதவரிடம் நோயைத் தேடிப் பார்ப்பது முதல் வேலை. மருத்துவமனைகளில் ஸ்கிரீனிங் என்று சொல்வது இதைத்தான். தடுப்பூசியோ மாத்திரையோ கொடுத்து நோய் வராமல் காப்பது இரண்டாவது. புகை, மது, உணவு, உடற்பயிற்சி பற்றிப் பேசி ஒருவரின் பழக்கத்தை மாற்றப் பார்ப்பது மூன்றாவது. யாருக்கு, எந்த வயதிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த வயதுவரை என்ற கேள்விகள் மூன்றிலும் எழும். ஆதாரங்களைச் சீர்தூக்கி அவற்றுக்கு எழுதி வைக்கும் விடைகளே வழிகாட்டு நெறிமுறைகள்.

சிகிச்சைக்கான நெறிமுறையிலிருந்து இவை ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகின்றன. காய்ச்சலோடு வருபவர் உதவி கேட்டு வருகிறார். மருத்துவர் தமக்குத் தெரிந்ததைச் செய்கிறார். தடுப்பு மருத்துவத்தில் மருத்துவம்தான் ஆளைத் தேடிப் போகிறது. நன்றாக இருப்பவரைக் கூப்பிட்டு, ரத்தம் எடுத்து, ஊசி போட்டு, கவலையையும் கொடுத்து அனுப்புகிறது. கூப்பிட்ட ஆயிரம் பேரில் உண்மையில் பயன் பெறுபவர் ஒருசிலர்; தொல்லை அநேகமாக எல்லோருக்கும். ஆகவே நன்மை உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு கூப்பிடுபவரையே சேரும். கேட்க எளிய நியாயம்தான். ஆனால் மருத்துவத் துறை இதை ஏற்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆண்டுப் பரிசோதனைக்கு வந்த சோதனை

உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட கால இடைவெளியில் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற யோசனையை லண்டன் மருத்துவர் ஹோரஸ் டோபெல் 1861-இல் முன்வைத்தார். 1920-களில் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதற்கு ஆதரவு தந்தது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் ஆர்வம் காட்டின; வாடிக்கையாளர் நீண்ட நாள் வாழ்ந்தால் அவர்களுக்கும் லாபம். முன்கூட்டியே கண்டுபிடித்தால் நல்லதுதானே என்ற எண்ணம் இயல்பானது என்பதால் அதை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

1976-இல் கனடாவின் பத்து மாகாணங்களைச் சேர்ந்த சுகாதாரத் துறை உயர் அதிகாரிகள், மெக்கில் பல்கலைக்கழகத்தின் வால்டர் ஸ்பிட்சர் தலைமையில் ஒரு செயற்குழுவை அமைத்தார்கள். தடுக்கக்கூடியவை என்று கருதப்பட்ட 78 நிலைமைகளை அந்தக் குழு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. 1979-இல் வந்த அதன் அறிக்கை இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, எல்லோருக்கும் ஒரே மாதிரியான ஆண்டுப் பரிசோதனையைக் கைவிடுங்கள், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற குறிப்பிட்ட சோதனைகளை மட்டும் செய்யுங்கள் என்றது. மற்றது, ஆதாரங்களைத் தரம் பிரித்தது. மக்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வுக்கு முதலிடம். குலுக்கல் இல்லாத ஒப்பீட்டு ஆய்வுகளுக்கு இரண்டாமிடம். அனுபவம் மிக்க நிபுணர்களின் கருத்து கடைசி வரிசைக்குப் போனது. அதுவரை நெறிமுறை என்று அச்சானவற்றில் பெரும்பகுதி அந்தக் கடைசி வரிசைச் சரக்குதான் என்பதால், பல பேராசிரியர்களுக்கு இது உவப்பாக இருந்திருக்காது.

ஆண்டுப் பரிசோதனை பற்றிய கனடாக் குழுவின் ஐயத்துக்கு 2012-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு வலுச் சேர்த்தது. 1.8 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 14 குலுக்கல் ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பொதுவான உடல்நலப் பரிசோதனை செய்துகொண்டவர்களின் இறப்பு வீதம் செய்துகொள்ளாதவர்களுடையதைவிடக் குறையவில்லை. ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ விளம்பரங்களில் இந்தத் தகவலுக்கு இடம் கிடைப்பதில்லை.

கனடாவின் முறையைப் பின்பற்றி அமெரிக்கா 1984-இல் தடுப்புச் சேவைகளுக்கான செயற்குழு ஒன்றை ராபர்ட் லாரன்ஸ் தலைமையில் அமைத்தது. 1989-இல் வெளிவந்த அதன் முதல் கையேடு, 60 நோய் நிலைமைகளுக்கான 169 தடுப்பு முறைகளை எடைபோட்டது. தடுப்பு மருத்துவத்தை ஸ்கிரீனிங், ஆலோசனை, தடுப்பூசி–தடுப்பு மருந்து என்று மூன்றாகப் பகுத்ததும் அந்தக் கையேடுதான்.

கண்டுபிடித்தால் போதுமா?

எந்த நோய்க்கு ஸ்கிரீனிங் தகும் என்பதற்கான அடிப்படை நிபந்தனைகளை 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜே.எம்.ஜி. வில்சனும் சுவீடன் நாட்டின் குன்னார் யுங்னரும் வகுத்தார்கள். பத்து நிபந்தனைகள் கொண்ட அந்தப் பட்டியல் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும்; அறிகுறி தோன்றுமுன் கண்டறியக்கூடிய கட்டம் அதற்கு இருக்க வேண்டும்; சோதனை மக்கள் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும்; நோய் இருப்பது தெரிந்தால் சிகிச்சை தர வசதி இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தோன்றினாலும் ஏழை நாடுகளில் பல திட்டங்கள் தடுக்கி விழும் இடம் அதுவே.

சோதனையின் துல்லியம் பற்றிய கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்தாயிரம் பேரில் 50 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொள்வோம். சோதனை, நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயில்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது. கேட்க நல்ல சோதனைதான். 50 பேரில் 45 பேர் பிடிபடுவார்கள். மீதி 9,950 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 995 பேர், நோயில்லாமலே ‘பாசிட்டிவ்’ என்ற தாளோடு வெளியே வருவார்கள். மொத்தம் 1,040 பாசிட்டிவ் முடிவுகளில் உண்மையான நோயாளிகள் 45 பேர்; நூற்றுக்கு நான்கு சொச்சம். அந்த 995 பேருக்கும் அடுத்து ஸ்கேன், பயாப்ஸி, தூக்கமில்லாத இரவுகள். அறிகுறியோடு மருத்துவமனைக்கு வருபவர்களிடம் இதே சோதனையைச் செய்தால் விகிதம் முற்றிலும் மாறிவிடும், ஏனென்றால் அவர்களிடையே நோயுள்ளவர்கள் அதிகம். ஆஸ்பத்திரியில் கைகொடுத்த சோதனையை அப்படியே முகாமுக்குக் கொண்டுபோவதில் உள்ள சிக்கல் இது.

இதைவிட ஏமாற்றக்கூடியது உயிர்வாழ் காலக் கணக்கு. ஒருவர் எப்படியும் 70 வயதில் ஒரு புற்றுநோயால் இறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிகுறி தெரிந்து 67 வயதில் கண்டுபிடித்தால் அவர் நோயோடு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவர். ஸ்கிரீனிங்கில் 60 வயதிலேயே கண்டுபிடித்தால் பத்து ஆண்டுகள் வாழ்ந்தவர். ‘ஐந்தாண்டு உயிர்பிழைப்பு’ப் பட்டியலில் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஆனால் இரண்டிலும் இறந்தது 70-இல்தான். கூடியது நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம் மட்டுமே.

இன்னொரு கோணலும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வரும் உறவினர் கண்ணில் படுபவர்கள் ஊரோடு இருப்பவர்களே. வேலைக்காக வந்து வந்து போகிறவர்களை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அதேபோல இடைவெளிவிட்டுச் செய்யும் சோதனையில் மெதுவாக வளரும் கட்டிகளே அதிகம் சிக்கும். வேகமாக வளர்ந்து ஆளைக் கொல்பவை இரண்டு சோதனைகளுக்கு நடுவில் முளைத்து முற்றிவிடும். சாதுவான கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஸ்கிரீனிங்கில் கண்டுபிடித்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்வதில் பொருளில்லை. அதனால்தான் நெறிமுறைக் குழுக்கள் ‘எத்தனை பேரிடம் கண்டுபிடித்தீர்கள்’ என்று கேட்பதை விட்டு, ‘கூப்பிட்ட கூட்டத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், கூப்பிடாத கூட்டத்தில் எத்தனை பேர்’ என்று கேட்கின்றன.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விளைவைத் தென் கொரியாவில் பார்க்கலாம். அங்கே 1999-இல் தேசியப் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறிது கூடுதல் கட்டணத்துக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக்கொடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்காகியது; அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கு மேற்பட்டோர். இறப்போ ஆண்டுக்கு 300 முதல் 400 என்ற அளவிலேயே அசையாமல் நின்றது. கழுத்துக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்நாள் முழுவதும் கிடந்திருக்கும் சிறு கட்டிகளே வெளியே வந்திருக்கின்றன. கண்டறியப்பட்டவர்களில் அநேகர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியவரானார்கள். 2014-இல் கொரிய மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாக எச்சரித்த பிறகே அறுவை சிகிச்சைகள் குறைந்தன.

ஜப்பான் கைக்குழந்தைகளிடம் இதே பாடத்தைக் கற்றது. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோயைப் பிடிக்க, ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதிக்கும் திட்டம் 1980-களின் நடுவில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. கட்டிகள் ஏராளமாகக் கிடைத்தன. 2002-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ஆய்வுகள், இப்படிக் கண்டுபிடிப்பதால் இறப்பு குறையவில்லை என்று காட்டின. கைக்குழந்தைகளிடம் தோன்றும் இந்தக் கட்டிகளில் பல தாமாகவே கரைந்துவிடும் வகை. அவற்றுக்காகக் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கும் கீமோதெரபிக்கும் ஆளானதுதான் மிச்சம். ஜப்பான் திட்டத்தை நிறுத்தியது. நடந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய ஸ்கிரீனிங் திட்டத்தை ஓர் அரசு ஆதாரத்தைப் பார்த்து நிறுத்துவது அரிது, பாராட்டத்தக்கது.

எழுத்து போடும் குழு

அமெரிக்கச் செயற்குழு 16 உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு. சம்பளமில்லாத தன்னார்வலர்கள், குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு, செவிலியம், நடத்தை அறிவியல் போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள். புற்றுநோய் ஸ்கிரீனிங் பற்றி முடிவெடுக்கும் குழுவில் புற்றுநோய் வல்லுநர்களுக்கு ஏன் பெரும்பான்மை இல்லை என்ற குறை அடிக்கடி எழும். ஒரு சோதனையால் தொழில் நடத்துபவர் அந்தச் சோதனைக்கு நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதே அதற்கான காரணம். வல்லுநர்களிடம் கருத்துக் கேட்கப்படும், வாக்கு கிடையாது.

ஒரு தலைப்பு எடுக்கப்பட்டதும் முதலில் ஒரு வரைபடம் வரைவார்கள். இடது ஓரத்தில் அறிகுறியில்லாத மக்கள். வலது ஓரத்தில் இறப்புக் குறைவு அல்லது வாழ்க்கைத் தர உயர்வு. நடுவில் சோதனை, கண்டறிதல், சிகிச்சை என்ற கண்ணிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கேள்வி எண். கீழ்நோக்கி வளையும் அம்புகள் தீங்குகளுக்கானவை. இடமிருந்து வலம்வரை ஒரே தாவலில் செல்லும் குலுக்கல் ஆய்வு இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் ஒவ்வொரு கண்ணியாக ஆதாரம் தேட வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்தது. ஆய்வுத் திட்டத்தின் வரைவும், பின்னர் பரிந்துரையின் வரைவும் பொதுமக்கள் கருத்துக்காக நான்கு வாரம் வெளியிடப்படும்.

முடிவு ஓர் எழுத்தாக வரும். நிகர நன்மை பெரிது, உறுதியும் அதிகம் என்றால் ‘ஏ’. நன்மை மிதமானது என்றால் ‘பி’. நன்மை சிறிது, ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றால் ‘சி’. நன்மையில்லை, அல்லது தீங்கே அதிகம் என்றால் ‘டி’. போதிய ஆதாரம் இல்லாவிட்டால் ‘ஐ’. கடைசி எழுத்தே மருத்துவர்களுக்கு எரிச்சலூட்டுவது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. ஆனால் ஆதாரம் இல்லாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் துணிவுதான் அந்தக் குழுவின் பெரிய பலம்.

திண்டுக்கல்லில் ஒரு சோதனை

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனை குலுக்கல் ஆய்வுகளுக்கு முந்தைய காலத்தில் பரவிவிட்டது. அதற்கான ஆதாரம் நாடுகளின் ஒப்பீட்டிலிருந்து வந்தது. நாடு தழுவிய ஒழுங்கான திட்டம் நடத்திய ஐஸ்லாந்தில் 1965-க்கும் 1982-க்கும் இடையில் இந்தப் புற்றுநோய் இறப்பு 80 விழுக்காடு குறைந்தது. திட்டம் சிறு பகுதியில் மட்டும் நடந்த நார்வேயில் 10 விழுக்காடு. ஆனால் பாப் ஸ்மியருக்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் படிக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், முடிவைச் சொல்ல அந்தப் பெண்ணை மறுபடி வரவழைக்க வேண்டும். இந்தியக் கிராமங்களில் இந்த மூன்றும் கடினம்.

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை சேர்ந்து 2000-இல் ஒரு மாற்று வழியைச் சோதிக்கத் தொடங்கின. முறை எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெறும் கண்ணால் பார்ப்பது. மாற்றமடைந்த திசு வெள்ளையாகத் தெரியும். ‘வி.ஐ.ஏ.’ என்று சுகாதார நிலையங்களில் சொல்லப்படும் சோதனை இதுவே. பயிற்சி பெற்ற செவிலியர்கள் பார்த்தார்கள். வெள்ளை தெரிந்தால் அதே வருகையில் உருப்பெருக்கியால் பார்த்து, திசு எடுத்து, தகுதியிருந்தால் அப்போதே குளிரூட்டிச் சிகிச்சையும் தந்தார்கள். மாவட்டத்தின் 114 தொகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. சோதனைக்கு அழைக்கப்பட்ட பாதியில் 30 முதல் 59 வயதுவரையான சுமார் 49,000 பெண்கள், அவர்களில் 31,000-க்கு மேற்பட்டோர் சோதனை செய்துகொண்டார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது: அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் ஏற்பட்ட இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2009-இல் வெளியானது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் ஒரே ஒரு சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது. அதே ஆய்வில் வி.ஐ.ஏ.வுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. ஒரே சோதனை ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் பலிக்காததற்குப் பார்ப்பவரின் கண்ணும் பயிற்சியும், சிகிச்சை எவ்வளவு விரைவில் கிடைத்தது என்பதும் காரணமாக இருக்கலாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. சோதனையை முதல் தேர்வாக அறிவித்து, 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்றது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் செயல்திட்டம் வி.ஐ.ஏ.வை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று வைத்திருந்தது. ஆதாரம் ஒன்றுதான், கையிருப்பு வேறு.

தடுப்பூசி: ஒப்புதலோடு முடியாத வேலை

தடுப்பூசி நெறிமுறைக்கென்று பெரும்பாலான நாடுகளில் தனிக் குழு உண்டு. பிரிட்டனில் 1963-இலிருந்தும் அமெரிக்காவில் 1964-இலிருந்தும் இருக்கிறது; இந்தியாவின் தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 2001-இல் அமைந்தது. தடுப்பூசி மருந்தாக விற்பனைக்கு ஏற்றதா என்பதை ஒழுங்குமுறை அமைப்பு சொல்லும். எல்லாக் குழந்தைகளுக்கும் போடலாமா, எந்த மாதத்தில், வேறு எந்த ஊசியோடு என்பதை இந்தக் குழு சொல்லும். ஊசி போட்டவருக்கு மட்டுமின்றி அக்கம்பக்கத்தாருக்கும் பாதுகாப்பு கிடைக்கும் என்பது இந்தக் கணக்கில் கூடுதல் வரவு. போடப்படுபவர்கள் கோடிக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகள் என்பது கூடுதல் கவலை.

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிரான முதல் சொட்டு மருந்து 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அனுமதிக்கு முந்தைய ஆய்வுகளில் மருந்து பெற்ற 10,054 குழந்தைகளில் ஐந்து பேருக்குக் குடல் செருகல் வந்திருந்தது. வெற்று மருந்து பெற்ற 4,633 பேரில் ஒருவருக்கு. தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. ஆனாலும் கவனிக்க வேண்டிய ஒன்றாக அது குறிக்கப்பட்டது. மருந்து புழக்கத்துக்கு வந்து ஓராண்டு ஆவதற்குள் பக்கவிளைவுப் பதிவேட்டில் 15 குழந்தைகள் சேர்ந்தார்கள். 1999 ஜூலையில் மருந்து நிறுத்திவைக்கப்பட்டது. அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவிலான ஆபத்து என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

இங்கே எழுந்த கேள்வி சங்கடமானது. அமெரிக்காவில் ரோட்டா வைரஸால் இறக்கும் குழந்தைகள் மிகச் சிலர். அங்கே பத்தாயிரத்தில் ஒன்று என்ற ஆபத்து ஏற்கத்தக்கதல்ல. ஏழை நாடுகளில் அதே வைரஸ் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. அங்கே கணக்கு நேர்மாறானது. ஆனால் அமெரிக்கா கைவிட்ட மருந்தைத் தன் குழந்தைகளுக்குக் கொடுக்க எந்த நாட்டின் அமைச்சர் முன்வருவார்? அடுத்து வந்த இரண்டு மருந்துகளும் இந்த ஓர் ஐயத்தைத் தீர்க்கவே தலா 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டன; அந்த ஆய்வு முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2014-இல் அனுமதி பெற்றது. தமிழ்நாட்டில் 2017-இல் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது.

எத்தனை தவணை என்பதற்கான விடை சில நேரம் எதிர்பாராத வழியில் கிடைக்கும். எச்.பி.வி. தடுப்பூசிக்கு முதலில் மூன்று தவணை என்று விதித்திருந்தார்கள். இரண்டு போதுமா என்று பார்க்க, அம்பிளிக்கை உட்பட இந்தியாவின் பல மையங்களில் 2009 செப்டம்பரில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சிறுமிகள் சிலர் இறந்ததாகச் செய்தி வந்தது. அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் தெரியவந்தாலும், ஒப்புதல் பெற்ற விதத்தில் கடுமையான குறைகள் இருந்தன. 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தச் சொன்னது. இரண்டு மூன்று தவணை போட்டிருக்க வேண்டிய சுமார் 5,000 பெண்கள் ஒரே தவணையோடு நின்றார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். நீடித்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு ஒரு தவணைக்காரர்களிடம் 95.4 விழுக்காடு, மூன்று தவணைக்காரர்களிடம் 93.3. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத கூட்டம் என்பதால் இது மட்டும் போதாது. கென்யாவில் நடந்த முறையான குலுக்கல் ஆய்வும் அதையே சொன்ன பிறகு, ஒரே தவணையும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்தது.

இரண்டு நிமிடப் பேச்சின் மதிப்பு

ஆலோசனைக்கு விலையில்லை என்பதால் ஆதாரமும் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பலன் பற்றிய ஐயமும் அதே அளவுக்கு இருந்தது. மருத்துவர் சொல்லி யார் சிகரெட்டை விட்டார்கள்? லண்டனில் மைக்கேல் ரசலும் உடன் பணியாற்றியவர்களும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களில் விடை தந்தது. 28 பொது மருத்துவர்களிடம் வந்த 2,138 புகைப்பழக்கம் உள்ளவர்கள் நான்கு பிரிவாக்கப்பட்டார்கள். முதல் பிரிவினரிடம் எதுவும் செய்யவில்லை. இரண்டாம் பிரிவினர் புகைப்பழக்கம் பற்றிய கேள்வித்தாளை நிரப்பினார்கள். மூன்றாம் பிரிவினரிடம் மருத்துவர் ஓரிரு நிமிடம் விட்டுவிடச் சொன்னார். நான்காம் பிரிவினருக்கு அதோடு ஒரு துண்டறிக்கையும், பிறகு விசாரிப்போம் என்ற எச்சரிக்கையும். முதல் மாதத்திலேயே விட்டு ஓராண்டு கழித்தும் தொடாமல் இருந்தவர்கள் முறையே 0.3, 1.6, 3.3, 5.1 விழுக்காடு.

ஐந்து விழுக்காடு என்பது எந்த மருத்துவருக்கும் தோல்வியாகவே தெரியும். இருபது பேரிடம் பேசி பத்தொன்பது பேர் கேட்கவில்லை. நாட்டின் எல்லா மருத்துவர்களும் இதைச் செய்தால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் விடுவார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தனி ஒருவரின் கண்ணில் சிறியது, கூட்டுக் கணக்கில் பெரியது என்ற இந்த முரண் தடுப்பு மருத்துவம் நெடுகிலும் உண்டு. புகையிலை ஆலோசனைக்கு அமெரிக்கச் செயற்குழு ‘ஏ’ கொடுத்திருக்கிறது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனைக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. இதய நோய் ஆபத்து உள்ளவர்களுக்குப் பல அமர்வுகளாகத் தரும் தீவிர ஆலோசனைக்கு ‘பி’, மற்றவர்களுக்கு ‘சி’. ‘நல்லா சாப்பிடுங்க, நடங்க’ என்று வாசல்வரை வந்து சொல்வது இதில் சேராது.

‘சி’ கொடுக்கப்பட்ட சோதனைகளில் ஆலோசனையின் தன்மையே வேறு. அங்கே மருத்துவர் வற்புறுத்தக் கூடாது. எண்களை முன்வைத்து முடிவை எதிரில் இருப்பவரிடம் விட வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்குச் செயற்குழு 2012-இல் ‘டி’ தந்தது. 2018-இல் 55 முதல் 69 வயதுவரை ‘சி’ என்று தளர்த்தியது. அப்போது மருத்துவர்கள் கையில் அது கொடுத்த கணக்கு இது: அந்த வயதில் ஆயிரம் ஆண்களைச் சோதித்தால் 240 பேருக்குப் பாசிட்டிவ் வரும். பயாப்ஸியில் 100 பேருக்குப் புற்றுநோய் உறுதியாகும். 80 பேர் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ எடுத்துக்கொள்வார்கள். அதன் விளைவாக 50 பேருக்கு ஆண்மைக் குறைபாடும் 15 பேருக்குச் சிறுநீர் கட்டுப்பாடின்மையும் வரும். மூவருக்கு நோய் பரவுவது தடுக்கப்படும். ஒருவர் அல்லது இருவர் அந்தப் புற்றுநோயால் இறக்காமல் தப்பிப்பார்கள். இதைக் கேட்டபின் சோதனை வேண்டும் என்பவரும் சரி, வேண்டாம் என்பவரும் சரி.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். 2,500 பேரைக் கவனிக்கும் ஓர் அமெரிக்கக் குடும்ப மருத்துவர், செயற்குழு பரிந்துரைத்த தடுப்புச் சேவைகள் அத்தனையையும் செய்தால் ஒவ்வொரு வேலைநாளிலும் 7.4 மணி நேரம் அதற்கே போகும் என்று 2003-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. நோயாளிகளை எப்போது பார்ப்பது? எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்தும் முயற்சி ஒன்று 2006-இல் நடந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசிகளும் புகையிலை ஆலோசனையும் முதலிடத்தைப் பிடித்தன. கூடவே, மாரடைப்பைத் தடுக்கத் தினமும் ஆஸ்பிரின். 2018-இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. ரத்தக்கசிவின் தீங்கு, கிடைக்கும் நன்மையை ஈடுகட்டிவிடுகிறது என்று தெரிந்தது. 2022-இல், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மாரடைப்பைத் தடுப்பதற்கென்று புதிதாக ஆஸ்பிரின் தொடங்குவதற்குச் செயற்குழு ‘டி’ கொடுத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இது பொருந்தாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பணமும் சட்டமும்

செயற்குழுவின் எழுத்துகள் முதலில் மருத்துவர்களுக்கான அறிவுரையாக மட்டும் இருந்தன. 2009 நவம்பரில், 40 முதல் 49 வயதுவரையான பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயைத் தேடும் மேமோகிராமை வழக்கமாகச் செய்ய வேண்டாம், ஆளுக்கேற்ப முடிவு செய்யலாம் என்று குழு ‘சி’ கொடுத்தபோது அமெரிக்கா கொந்தளித்தது. உடல்நலக் காப்பீட்டுச் சட்டம் விவாதத்தில் இருந்த நேரம் அது. 2010-இல் நிறைவேறிய அந்தச் சட்டம், ‘ஏ’, ‘பி’ பெற்ற சேவைகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணமின்றித் தர வேண்டும் என்றது. அதே சட்டம் 2009-ஆம் ஆண்டு மேமோகிராம் பரிந்துரையை மட்டும் வெளிவராததாகக் கொள்ளச் சொன்னது. 2024-இல் குழு தானே 40 முதல் 74 வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று ‘பி’க்கு மாறியது. எழுத்து பணமாக மாறியதும் வழக்குகள் தொடங்கின. உறுப்பினர்களை நீக்கும் அதிகாரம் சுகாதாரத் துறைச் செயலருக்கு உண்டு என்று 2025 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதம் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டார்கள்.

அமெரிக்கச் செயற்குழு செலவைக் கணக்கில் எடுப்பதில்லை. நன்மை தீமையை மட்டுமே பார்க்கும். பிரிட்டனின் தடுப்பூசிக் குழு செலவையும் வெளிப்படையாக எடைபோடுகிறது. பொதுப்பணத்தில் மருத்துவம் நடக்கும் நாட்டில் இரண்டாவது முறையே நேர்மையானது. ஒன்றுக்குச் செலவழித்த பணம் இன்னொன்றுக்கு இல்லை.

எந்த வயதில் நிறுத்துவது

தொடங்கும் வயதைவிட நிறுத்தும் வயதை எழுதுவது கடினம். உங்களுக்கு இனி சோதனை தேவையில்லை என்று ஒரு முதியவரிடம் சொன்னால், இனி உங்கள் உயிருக்கு மதிப்பில்லை என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ளலாம். கணக்கு வேறு. பெருங்குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங்கின் பலன் கண்ணுக்குத் தெரிய ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும். குடல் கிழிதல், ரத்தக்கசிவு போன்ற தீங்குகளோ சோதனை செய்யும் நாளிலேயே வரும், வயதாக ஆக அதிகரிக்கும். அதனால் 45 முதல் 75 வயதுவரை எல்லோருக்கும் என்றும், 76 முதல் 85 வரை அவரவர் உடல்நிலையையும் முன்பு செய்துகொண்ட சோதனைகளையும் பார்த்து என்றும் அமெரிக்கச் செயற்குழு 2021-இல் வரையறுத்தது. கருப்பைவாய்ச் சோதனைகளை அதுவரை ஒழுங்காகச் செய்து சரியாக இருந்தவர்கள் 65 வயதோடு நிறுத்தலாம். ஒருமுறைகூடச் செய்யாதவருக்கு இந்த வரம்பு பொருந்தாது. அறுபது வயதைத் தாண்டியும் ஒரு சோதனைகூடச் செய்யாத பெண்கள் மிகுந்த நாடுகளில் நெறிமுறை எழுதுபவர்கள் அந்த இரண்டாவது வரியையும் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.